படம் போடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். படம் போடுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் கடைசி வரை படியுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதத்தில் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "டீச்சர், பையன் எந்நேரமும் படம்தான் போட்டுக்கிட்டு இருக்கான். நோட்டுல பாதி பக்கம் படம்தான். இத வச்சு ஏதாவது பண்ண முடியுமா, இல்ல ஐ.டி.ஐ.ல சேத்துடட்டுமா?" இன்னும் சிலர், "நீங்களே கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்க டீச்சர், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குது" என்பார்கள். போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஓவியர் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தவள். ஐந்து பாடமும் ஒருத்தியே நடத்த வேண்டும். பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையில் படம் போடவும், சார்ட் எழுதவும், துணைக்கருவி செய்யவும் பழக்கிவிட்டார்கள். பூவின் பாகங்கள், நீர்ச் சுழற்சி, தமிழ்நாட்டு வரைபடம் என்று சாக்பீஸால் நான் போடாத நாள் குறைவு. உங்களில் பல பேருக்கு அந்த சார்ட்டுகள் நினைவிருக்கும். அந்தப் பழக்கத்தில் ஓவியர்களைப் பற்றிப் படிப்பதும், ஓவியம் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பதும் எனக்கு ஒரு ஆசையாகவே வளர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு நேரமும் கிடைத்தது.

"படம் போட்டா சோறு கிடைக்குமா?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். நம் நாட்டில் ஓவியராகவே வாழ்ந்து காட்டியவர்களின் கதைகளைப் படித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. அவர்களில் நிறைய பேர் கைக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு, இன்னொன்று தங்களுக்கு. இரண்டையும் செய்தது ஒரே கை. அந்தக் கையை முதலில் நன்றாகப் பழக்கியிருந்தார்கள். ஆகவே கையைப் பழக்குவதை முதலில் சொல்கிறேன், வேலையைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைக்கு முதலில் விலை உயர்ந்த கலர் பெட்டி வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு நோட்டும் 2பி, 4பி, 6பி பென்சில்களும் போதும். தினம் அரை மணி நேரம், கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருளைப் பார்த்து வரையட்டும். செல்போனில் இருக்கிற போட்டோவைப் பார்த்து வரைவது வேறு. போட்டோவில் எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்பதைக் கேமரா ஏற்கனவே முடிவு செய்துவிட்டது. நேரில் பார்த்து வரையும்போது அந்த முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும்.

ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு அது வட்டமாகத் தெரியாது, நசுங்கிய முட்டை வடிவமாகத்தான் தெரியும். டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் அந்த வாய் ஒரு கோடாகிவிடும். கீழே இறக்க இறக்க அகன்றுகொண்டே வரும். தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரையப் பழகுவதுதான் ஓவியத்தின் அ, ஆ.

அடுத்தது வெளிச்சமும் நிழலும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பொருளைப் பார்த்தால் சின்னச் சின்ன விவரங்கள் மறைந்துபோய், எது வெளிச்சம் எது இருட்டு என்பது மட்டும் நிற்கும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து படி போட்டு, டம்ளரில் எந்த இடம் எந்தப் படி என்று பிரிக்கச் சொல்லுங்கள். கலர் தப்பாகப் போனாலும் இந்தப் படி சரியாக இருந்தால் படம் நிற்கும். படி தப்பாகப் போனால் எவ்வளவு நல்ல கலரும் காப்பாற்றாது.

இதற்கு நல்ல பாடம் வேண்டுமென்றால் ஓவியர் இளையராஜாவின் படங்களைப் பாருங்கள். கும்பகோணம் பக்கம் செம்பியவரம்பில் என்ற கிராமத்துக்காரர். நம் ஊர்ப் பெண்கள் வாசற்படியிலும் அடுப்படியிலும் நிற்பதை, மேலே விழுகிற வெளிச்சத்தோடு அப்படியே எழுதியவர். பத்திரிகைகளிலும் அவர் படங்கள் வந்தன. பாத்திரத்தின் பளபளப்பு, சேலை மடிப்பு எல்லாம் இந்தப் படிக்கணக்கில் நிற்கிறது. 2021இல் கொரோனாவில் போய்விட்டார். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. அன்றைக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

கலருக்கு வருவோம். வாட்டர் கலரில் வெள்ளை என்பது பேப்பரின் வெள்ளைதான். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அடர் நிறத்துக்குப் போக வேண்டும், பின்னால் திரும்ப முடியாது. சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கிவிடும். பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும், குறை தாளில் இருக்கும். வாட்டர் கலருக்கு 300 ஜி.எஸ்.எம். தாள் வாங்குங்கள். கலர் குறைவாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆயில் கலரில் ஒரு பழைய விதி இருக்கிறது. அடியில் பூசுவதில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். முதல் பூச்சை டர்பன்டைன் விட்டு மெலிதாக்குவார்கள், பிறகுதான் ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பார்கள். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு மெதுவாகக் காயும். அது அடியில் இருந்து, சீக்கிரம் காய்கிற பூச்சு அதன் மேல் இருந்தால், மேல் பூச்சு வெடித்துவிடும். அக்ரிலிக் அப்படி இல்லை, நிமிஷக் கணக்கில் காய்ந்துவிடும். காய்ந்தபின் நிறம் ஒரு சுற்று அடர்ந்து தெரியும். நம் ஊர் சித்திரை வெயிலில் தட்டிலேயே காய்ந்துபோகும், பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அவற்றின் மேல் நாயக்கர் கால ஓவியம் பூசப்பட்டிருந்தது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், அது காய்வதற்குள் எழுதுகிற முறையில் செய்தவை என்று ஆராய்ந்து சொன்னார்கள். சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆயிரம் வருஷம் நின்றதற்குத் தீட்டிய கை ஒரு காரணம், சுவரைத் தயார் செய்த கை இன்னொரு காரணம். நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் மாவட்டம் பனமலைக்குப் போங்கள். ராஜசிம்ம பல்லவன் கோயிலில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்தப் பார்வதியின் சாய்ந்த தலையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கோடு என்றால் என்ன என்று நாம் சொல்லித்தர வேண்டாம்.

இதையெல்லாம் யார் சொல்லித்தருவார் என்கிறீர்களா? ரவி வர்மா சின்னப் பையனாகத் திருவனந்தபுரம் அரண்மனையில் இருந்தபோது, ஆயில் கலர் தெரிந்த அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் அதைக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்றும், அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து காட்டிக்கொடுத்தார் என்றும் வரலாற்றில் சொல்வார்கள். அன்றைக்கு அது தொழில் ரகசியம். இன்றைக்குப் போனைத் திறந்தால் உலகத்து ஓவியர்கள் எல்லாம் செய்து காட்டுகிறார்கள். தேடித்தர ஆள் வேண்டியதில்லை, தினம் அரை மணி உட்கார ஆள் வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன்.

திட்டக்குடியில் பஸ் ஏறினால் விருத்தாசலம் பக்கம்தான். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிற ஊர். செராமிக் படிப்பு சொல்லித்தருகிற அரசு நிறுவனமும் அங்கே உண்டு. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூஸ் கேரியர் என்று எத்தனையோ செய்கிறார்கள். களிமண் கரைசலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் ஒரு தோல் மாதிரி படியும். மிச்சத்தைக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். பிறகு பிசிர் தட்டி, உலர்த்தி, சூளையில் வைப்பார்கள். அச்சில் வந்த நூறு பொம்மையும் ஒரே மாதிரி இருக்கும். கண்ணும் புருவமும் எழுதுகிற கைதான் ஒன்றுக்கு உயிர் கொடுக்கிறது, ஒன்றை வெறும் மண்ணாக விடுகிறது.

பீங்கானில் சூட்டுக்கு முன்னால் எழுதுகிறவருக்கு இன்னொரு கல்வி வேண்டும். கோபால்ட் ஆக்சைடு கையில் இருக்கும்போது கறுப்புப் பொடி. சூளையிலிருந்து வெளியே வரும்போது நல்ல நீலம். தாமிரம் சேர்ந்தது சூளைக் காற்றைப் பொறுத்துப் பச்சையாகவும் வரும், சிவப்பாகவும் வரும். கண்ணில் படுகிற நிறத்தை நம்ப முடியாது, வரப்போகிற நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு பூச வேண்டும். இதைத் தெரிந்தவருக்கு உள்ள மதிப்பு வெறுமனே அழகாகப் படம் போடுகிறவருக்குக் கிடைக்காது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த ஊரை அதிகம் நினைப்பதில்லை. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் செராமிக் டிசைன் என்றே ஒரு பட்டப் படிப்பு இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள் போய்ச் சேர வேண்டிய படிப்பு அது.

அந்தச் சென்னைக் கல்லூரியின் கதையே நம் கேள்விக்குப் பதில் சொல்லும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கினார். கைத்தொழில் கற்றுத்தருகிற பள்ளியாகத்தான் வளர்ந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானார். மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்களே, அது அவர் செய்ததுதான். அவருக்குப் பின் 1957இல் வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் கதையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அப்பா இறந்துபோனதால் படிப்பைப் பாதியில் விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே படம் போட்டார். ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேரும்போது வயது 25. பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வர். படித்து முடித்த மாணவர்கள் வருமானம் இல்லாமல் ஓவியத்தையே விட்டுப் போவதைப் பார்த்து அவர் ஒரு வழி யோசித்தார். மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களை ஓவியர்கள் சேர்ந்து செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடற்கரைப் பக்கம் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் அது சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆயிற்று. தாங்களே வீடு கட்டிக் குடியேறினார்கள். ஒரு நேரம் கைவினை, ஒரு நேரம் ஓவியம். யாரும் வந்து தூக்கிவிடவில்லை, பத்திக் துணிதான் தூக்கிவிட்டது. இன்றைக்கும் அந்த இடம் இருக்கிறது, மகாபலிபுரம் போகும்போது இறங்கிப் பாருங்கள்.

ஆதிமூலமும் அப்படித்தான். துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு டிசைன் போடுகிற வேலை பார்த்தார். அதோடு 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் வந்த படங்களும் அவருடையவைதான். கோவில்பட்டி கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்கு சீன் திரை எழுதினார், பிறகு காலண்டர் படங்கள் எழுதினார். நம் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருந்த முருகனும் லட்சுமியும் அவரும் அவர் சீடர்களும் போட்ட வழியில் வந்தவைதான். உலகம் அறிந்த எம்.எஃப். உசேன் பம்பாயில் சினிமா போர்டு எழுதிப் பிழைத்தவர். இவர்கள் யாருக்கும் அந்த வேலை அவமானமாகப் படவில்லை. தினம் எழுதின கை தேறிக்கொண்டே வந்தது.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. என்னிடம் படித்த ஒருவன், பெயர் வேண்டாம், நம் பக்கத்தில் சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதிக்கொண்டிருந்தான். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தேர்தல் வந்தால் சாப்பிட நேரமிருக்காது. பிளக்ஸ் பேனர் வந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்குள் அவனைத் தேடி வருகிற ஆளே இல்லை. சென்னையில் பெரிய பெரிய சினிமா பேனர் எழுதியவர்களுக்கும் இதே கதிதான். அவன் கை குறைந்துபோகவில்லை. ஒரே வேலை, ஒரே மாதிரி வாடிக்கையாளர் என்று நின்றதுதான் ஆபத்தாயிற்று. இப்போது கோயில் கோபுரத்துக்கும் தேருக்கும் வர்ணம் தீட்டுகிறான், பள்ளிக்கூடச் சுவர்களில் படம் எழுதுகிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் இடையில் போன வருஷங்கள் கடுமையானவை. வீட்டுக்காரி நகை எல்லாம் அடகுக்குப் போன காலம் அது.

இப்போது கம்ப்யூட்டர் தானே படம் போடுகிறது என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான். வாழ்த்து அட்டை, போஸ்டர் மாதிரி வேலைகளில் பாதிப்பு வரும். அதனால் பிள்ளை கம்ப்யூட்டரையும் கற்றுக்கொள்ள வேண்டும், ஈர மண்ணையும் துணியையும் சுவரையும் தொடவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவுக்குப் போகிற அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும்.

எங்கே படிப்பது? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து 4 வருஷம் படித்தால் பி.எஃப்.ஏ. பட்டம். ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டு இடத்திலும் உண்டு. சென்னையில் கூடவே துணி டிசைன், செராமிக், பதிப்போவியம் உண்டு. மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே மரபு ஓவியம் சொல்லித்தருகிறார்கள். புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் நம் மாவட்டத்துக்குப் பக்கம். சேர்க்கையில் வரைந்து காட்டச் சொல்வார்கள், அதனால் வெறும் மார்க்கை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகரங்களில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, அதில் ஓவியப் போட்டியும் உண்டு. கூச்சப்படாமல் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

படித்து முடித்தால் ஓவிய ஆசிரியர் வேலை என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். உள்ளதைச் சொல்கிறேன். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் வேண்டி எத்தனை போராட்டம் என்பது செய்தி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 2017இல் 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத் தேர்வு அறிவித்தார்கள், அதுவும் எல்லாப் பாடமும் சேர்த்துத்தான். வந்தால் நல்ல வேலை. அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது. துணி டிசைன், பத்திரிகை, அனிமேஷன், சினிமா கலை இயக்கம், மியூசியம், பீங்கான், தஞ்சாவூர் ஓவியம் என்று கையை நீட்டி வைக்க வேண்டும். தோட்டா தரணி சினிமாவுக்கு செட் போட்டு 'நாயகன்', 'இந்தியன்' படங்களுக்குத் தேசிய விருது வாங்கினார். அவர் இன்றைக்கும் ஓவியர்தான்.

இனி நம் வீட்டு விஷயம். என் தம்பி மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மார்க்கும் நல்ல மார்க். கும்பகோணத்தில் ஓவியம் படிக்க வேண்டும் என்கிறாள். வீடு இரண்டாக நிற்கிறது. "அக்கா, நர்சிங் சேத்தா நாளைக்கே வேல. பொம்பளப் புள்ள, படம் போட்டு என்னா செய்வா? நீ சொன்னா கேப்பா, சொல்லு" என்கிறான் தம்பி. அவளோ, "அத்த, நீங்களாவது அப்பாகிட்ட பேசுங்க" என்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி, உன் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். மாதச் சம்பளம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நாம் இரண்டு பேரும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அவளுடைய நோட்டுகளை நான் முழுக்கப் புரட்டினேன். பத்தாம் வகுப்பில் நடிகர் முகம், பூ, மயில். இந்த இரண்டு வருஷத்தில் நம் வீட்டு ஆடு, அம்மா துணி துவைப்பது, வெள்ளாற்று மணல், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர்கள். தேதி போட்டு வைத்திருக்கிறாள். தேர்வு மாதத்தில்கூட ஒரு பக்கம் விடவில்லை. பொழுதுபோக்குக்கு வரைகிற பிள்ளைக்கும் இவளுக்கும் வித்தியாசம் அங்கே இருக்கிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளின் நோட்டுத் திருத்தியவள், இதை உறுதியாகச் சொல்வேன். பெண் பிள்ளை என்கிறாய். 1960களிலேயே பொன்னானிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டி.கே. பத்மினி என்ற பெண் சென்னைக்கு வந்து பணிக்கரிடம் படித்தார். 29 வயதிலேயே இறந்துபோனாலும் கேரளத்து ஓவியத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் அனுப்பியது, இன்று நம்மால் அனுப்ப முடியாதா?

அவளுக்கும் நான் சில நிபந்தனை சொல்லியிருக்கிறேன். விஷுவல் கம்யூனிகேஷன், துணி டிசைன் மாதிரி சம்பாதிக்கிற ஒரு கையை முதல் வருஷத்திலிருந்தே வளர்க்க வேண்டும். இங்கிலீஷில் ஒரு கடிதம் தானே எழுதப் பழக வேண்டும். லீவுக்கு வரும்போது விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து சூளை வேலை பார்க்க வேண்டும். சம்பாதிக்கிற வேலை எவ்வளவு இருந்தாலும் தனக்கென்று வரைகிற நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டமானது. சம்பாதிக்கிற கை, வரைகிற கையை மெல்லத் தின்றுவிடும். நன்றாகச் சம்பாதித்து வரைவதையே விட்டுவிட்டவர்கள் எவ்வளவோ பேர்.

வெளியே வேலை எடுக்க ஆரம்பித்துவிட்ட என் மாணவர்களுக்குச் சில வார்த்தை. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான், சொந்தக்காரர் என்றால் கண்டிப்பாக. தாள், கலர், சட்டச் செலவைத் தனியாக எழுதுங்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள், இரண்டையும் கூட்டித்தான் விலை. ஒருவருக்கு ஒரு விலை, இன்னொருவருக்கு வேறு விலை வைக்காதீர்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு படத்தையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அளவு, பொருள், தேதி எழுதி வையுங்கள். நாளைக்கு வேலை கேட்கப் போகும்போது அதுதான் உங்கள் சர்ட்டிபிகேட்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்களாக வரைந்த படத்தின் உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 வருஷம். படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காத வரை, அதைக் காலண்டரிலும் அட்டையிலும் அச்சடிக்கிற உரிமை தானாகப் போய்விடாது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து "எனக்கு இதை வரைந்து கொடு" என்று சொல்லி வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அவருக்குப் போய்விடும். அதனால் ஆர்டர் எடுக்கும்போது ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி வைத்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

கலர் வாங்கும்போதும் கவனம். மலிவான கலர்களில் சில வெயிலில் வெளுத்துவிடும். ஒரு தாளில் எல்லாக் கலரையும் பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படுகிற ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். திறந்து பார்த்தால் எது நிற்கும், எது ஓடும் என்று தெரிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு வெளுத்துப்போகிற படம் கொடுத்தால் அடுத்த தடவை அந்த வீட்டில் உங்களுக்கு வேலை இல்லை.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பிள்ளையை ஓவியராக்குங்கள் என்று கேட்கவில்லை. சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன்னால் அதன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பக்கம், எத்தனை நாள், எதைப் பார்த்து வரைந்தது என்று பாருங்கள். மார்க் ஷீட்டைப் பார்க்கிற அக்கறையோடு பாருங்கள்.

டீச்சர் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா? இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரை லைட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பிள்ளையோடு நீங்களும் உட்கார்ந்து பென்சிலால் வரையுங்கள். வட்டம் போடக் கூடாது, தெரிகிறதைப் போட வேண்டும். வரைந்ததை எனக்கு அனுப்பி வையுங்கள். யார் யார் அனுப்பவில்லை என்று பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திட்டக்குடி.